கூடும்

டுலூத் நகரம். ஏரியிலிருந்து எழும் நவம்பர்க் காற்று.
வழக்கறிஞர் அலுவலகத்தின் நான்காம் மாடியில்
சுருக்கெழுத்து இயந்திரத்தின் முன்னால்
விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
என் வேலைக்குக் காது போதும்; முகம் தேவையில்லை.

எதிரே ஆர்லன் ட்வைட்,
துறைமுகத் தானியக் குதிர்களின் மேற்பார்வையாளர்.
சவரம் செய்த கன்னத்தில் ஒரு வெட்டு.
அதன்மேல் ஒட்டிய காகிதத் துணுக்கை
எடுக்க மறந்து வந்திருக்கிறார்.

பெயர் சொன்னார். பிறந்த ஆண்டு சொன்னார்.
பிறகு கேட்ட ஒவ்வொன்றுக்கும்
சீட்டைப் பார்த்து ஒரே வாக்கியம்:
"வழக்கறிஞரின் ஆலோசனைப்படி பதில் கூற மறுக்கிறேன்.
என் பதில் என்னையே குற்றத்தில் சேர்க்கக்கூடும்."

ஏழாம் தடவைக்குள் அதற்கொரு
குறுக்குவழி வைத்துக்கொண்டேன்.
இரண்டு கையாலும் ஒரே அழுத்து;
முழு வாக்கியமும் திரையில் வந்து விழும்.

எத்தனையோ பேருக்கு இதைத் தட்டியிருக்கிறேன்.
கேட்பவர்கள் 'குற்றம்' என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள்.
சட்டம் குடியிருப்பதோ கடைசியில், அந்தக் 'கூடும்'-இல்.
செய்தேன் என்றல்ல.
செய்யவில்லை என்றுமல்ல.
இந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று
நானே திறந்து காட்ட வேண்டியதில்லை, அவ்வளவே.
முன்னொரு காலத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டு
மனிதனின் வாயையே அவனுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்தினார்கள்;
மறுத்தவனைச் சாட்டையால் அடித்தார்கள்.
அந்தப் புண்ணின்மேல் வளர்ந்த தோல் இந்த வாக்கியம்.

மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி.
குற்ற வழக்கில் அப்படி எண்ணக்கூடாது என்று
ஜூரிகளுக்கு நீதிபதி சொல்லி அனுப்புவார்.
இது நட்டஈட்டு வழக்கு. இங்கே எண்ணலாம்.
யாரோ விளக்கியிருக்க வேண்டும் இர்யா லூவோமாவுக்கு.
மேசையின் மறுகோடியில்
விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள்.

கடன்காரன் வாசலில் நின்று கூப்பிட்டபோது
எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றதாம் ஒரு பிள்ளை.
ட்வைட் அந்தப் பிள்ளை இல்லை.
கீழ்வாயைத் திறக்கச் சொன்னபோது
உள்ளே ஆள் இருப்பது தெரியுமா?
ஓர் அழுத்து.
இறங்கும் முன் இடுப்புக் கயிறு கொடுத்தீர்களா?
ஓர் அழுத்து.
இர்யாவின் பையனுடைய அப்பன்
குதிருக்குள்தான் இருந்தார்,
கோதுமைக்கு அடியில், ஆறு மணி நேரம்.

இருபத்தொன்பதாம் கேள்வியை அவளே
ஒரு தாளில் எழுதித் தன் வக்கீலிடம் நகர்த்தினாள்.
அவர் வாசித்தார்:
"டேல் கூப்பிட்டாரா?"

ட்வைட்டின் கண் சீட்டைவிட்டு எழுந்தது.
வாய் திறந்தது.
அவருடைய வக்கீலின் இரண்டு விரல்கள்
சட்டைக் கையின் ஓரத்தில் வந்து அமர்ந்தன.
சுவர்க் கடிகாரத்தில் பத்தொன்பது நொடி.
அதற்கு என்னிடம் விசை இல்லை.
தாளில் பார்த்தால் கேள்விக்கு அடுத்த வரி பதில்,
இடையில் ஒன்றுமே நடக்காததுபோல.

இடைவேளை. காப்பி இயந்திரம் அவருடைய காசைத்
திரும்பத் திரும்பத் துப்பியது.
என்னைப் பார்க்காமலே சொன்னார்:
"இரண்டு தடவை.
முதல் தடவை, பாடுகிறான் என்று நினைத்தேன்."

எனக்குச் சொன்னாரா இயந்திரத்துக்கா தெரியவில்லை.
என் கைகள் காலியாக இருந்தன.

மொத்தம் நாற்பத்தொரு முறை.
முழுமையானது, உண்மையானது என்று
கடைசிப் பக்கத்தில் சான்று எழுத வேண்டும்.
எழுதுவேன். அறைக்குள் சொன்னது அவ்வளவுதான்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இர்யா
வங்கி அட்டையால் கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"தட்டுவதற்கு உங்களுக்கு அதிகம் இருந்திருக்காது" என்றாள்.
"இல்லை" என்றேன்.

என் காரில் நல்ல சுரண்டி ஒன்று இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
திருப்பித் தரும் முன்
என் கண்ணாடியையும் அவளே சுத்தம் செய்தாள்,
ஓட்டுபவர் பக்கம் மட்டுமல்ல, முழுவதையும்.